காசு கட்டிப் பிடித்த கரண்டி

சேவை செய்ய வருகிறவர்களிடமே காசு பிடுங்கும் கூட்டத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குச் சோறு போடும் ஒரு தொண்டு அமைப்பு தம்பானூரில் ஆபீஸ் வைத்திருந்தது. உதவிக்கு வருகிறேன் என்றதுமே அங்கிருந்த பெண் ரசீது புத்தகத்தை எடுத்தாள்.

"ஆயிரம் ரூபா ஆகும், சேச்சி. டீ-ஷர்ட், சர்டிபிகேட், போட்டோ எல்லாம் அதிலே உண்டு."

எரிச்சலோடுதான் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால், சேவைக்கு வந்த எங்களில் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு போடத்தான் விட்டார்கள். போடும்போது ஒரு போட்டோ. உடனே கரண்டி அடுத்தவர் கைக்குப் போய்விடும். இது சேவையா, ஸ்டூடியோவா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றேன்.

என் முறை வந்தது. மனைவியை வார்டில் சேர்த்திருந்த தென்காசிக் கொத்தனார் ஒருவர் தட்டை நீட்டினார். சோறு போட்டேன். போட்டோவில் என் கண் மூடியிருந்தது.

"இன்னொண்ணு எடுங்க. காசு கட்டியிருக்கேன்ல?" என்றேன். அவரிடம், "அண்ணாச்சி, தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றும் சொன்னேன்.

தூக்கிப் பிடித்தார். அதுவும் சரியாக விழவில்லை. மூன்றாவதும் எடுத்தார்கள்.

"இனி சாப்பிடலாமாக்கா?" என்று கேட்டார்.

அந்த அமைப்பை இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் திட்டுகிறேன். அவர் கேட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்றாவது போட்டோவில் நான் அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.