செப்டெம்பரில் கையுறையோடு மொன்றியல்

போர்வைக்குள் இருந்து, போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து இதை எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா நித்திரை. ஸ்காபரோவிலிருந்து வார இறுதியில் மொன்றியலுக்குக் காரில் போய்வர நினைப்பவர்களுக்காக ஒரு பயணக் குறிப்பு எழுதுவதாகத்தான் இருந்தேன். அதுவும் இதில் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்கு, அப்பா வைத்த நேர்த்திக்கடனுக்காக, அவரும் நானும் போனோம். அப்பாவுக்குக் காசு கட்டிக் காட் விளையாடும் போக்கர் சீட்டாட்டம் என்றால் பைத்தியம். பெரிய ஆட்டக்காரர் இல்லை, வேலை முடிந்து வந்து விளையாடித் தோற்கிறவர். சித்திரையில் ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் என்னையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி அடுக்கினார். அப்பா என்னைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிறுத்தி, என் தலையில் கை வைத்தார்.

“இவளின்ரை தலையிலை சத்தியமா, இனிக் காட்டைக் கையாலை தொடமாட்டன்.”

அம்மா பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். “இன்னொருக்கா எண்டால் சொல்லாமலே போயிடுவம்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சின்னத் தலையிடி வந்தாலும் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பேன்.

இந்த வெள்ளி மாலை நாலரைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய ஐந்நூற்றி இருபது கிலோமீற்றர். கிங்ஸ்டனில் பெற்றோல் அடித்து, கோப்பி குடித்து, கர்க்லாண்டில் அப்பாவின் சிநேகிதர் மணி மாமா வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்தரை தாண்டிவிட்டது. காரின் பின்சீற்றில் அப்பாவின் பனிக்காலத் தோல் கையுறை கிடந்தது. வெளியே ரீசேட்டோடு நிற்கலாம் போன்ற காலநிலை.

“அங்கை குளிரும் பிள்ளை” என்றார். நான் நம்பினேன்.

சனி காலை கோயில். ஒன்பதுக்கு முன் போனால் வாகனம் நிறுத்த இடம் சுலபமாகக் கிடைக்கும். அப்பா கண்ணை மூடி நீண்ட நேரம் கும்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

பின்னேரம் மணி மாமாவோடு மூவருமாகப் பக்கத்து நகரான லொங்குய்ய் போனோம். “ஒராளைச் சந்திக்கவேணும், இதிலை இரு” என்று ஒரு சாண்ட்விச் கடையில் என்னை விட்டுவிட்டு இருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குள் போனார்கள். (சாண்ட்விச் ஒன்பது டொலர், இரண்டு பேருக்குக் காணும்.) ஒரு மணித்தியாலம் இரண்டானது. தேடிப் போனேன். கண்ணாடிக் கதவில் நின்ற காவலர் “பொன்ஜூர்” என்று சிரித்து, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்றார்.

கதவுக்குள்ளே பச்சை மேசைகள். ஒன்றில் அப்பா. இரண்டு கையிலும் தோல் கையுறை. காட் ஒன்றின் ஓரத்தை அந்தத் தடித்த விரல்களால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகரெட் பிடிக்க வெளியே வந்த மணி மாமா என்னைக் கண்டுவிட்டார். “உன்ரை அப்பா சத்தியவான் பிள்ளை! அந்தப் புழுக்கத்துக்குள்ளையும் கிளவுஸ் கழட்டேல்லை” என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். “அப்பா, சத்தியம்?”

“கையாலை தொட்டனானே? தோல்தானே தொட்டது.”

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். அதுதான் எனக்கு அதிர்ச்சி.

ஞாயிறு காலை மணி மாமாவின் நிலவறையில் அப்பா ஐபாட்டைத் திறந்தார். ஒன்லைன் போட்டி. திரையில் கையுறை விரல் எதற்கும் வேலை செய்யவில்லை. தேய்த்தார், குத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ அமத்து. நீ சத்தியம் பண்ணேல்லைத்தானே.”

மறுத்தால் கையுறையைக் கழற்றுவார் என்ற பயத்தில் அமத்தினேன். முக்கால் மணித்தியாலம் போனது. அப்பாவின் பக்கத்தில் காசு கூடிக்கொண்டே வந்தது. அப்போது ஒரு ஜாக்கும் ஒரு ஒன்பதும் வந்தன.

எங்கள் வீட்டில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடித்தான் எனக்குக் காட் தெரியும். அதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது, அடுத்தது ஒன்பது. இதைவிட நல்ல கை கிடையாது. எதிரில் ஒருவன் நிறையக் காசு வைத்திருந்தான்.

“போடு” என்றார் அப்பா.

போட்டேன். இருந்த எல்லாவற்றையும்.

“ஐயோ! என்ன செய்தனி?”

“போடெண்டுதானே சொன்னீங்கள்?”

“கீழை போடெண்டு சொன்னனான்! காட்டை எறிஞ்சு விலகச் சொன்னனான்!”

எதிரில் இருந்தவனிடம் இரண்டு ஏஸ்; போக்கரில் அதற்கு முன்னால் ஜாக்கும் ஒன்பதும் ஒன்றுமே இல்லையாம். திரையில் எங்கள் பக்கம் வெறுமையானது.

அப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. வலது கையுறையின் விரல் ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினார். வெறும் விரலால் அடுத்த போட்டியைத் தொட்டார். திரையில் காட் விழுந்தது. அதையும் தொட்டார்.

மணி மாமாவின் பகிடி நின்றுவிட்டது. “மச்சான், பிள்ளையின்ரை தலையெடா.”

“ம்ம்” என்றார் அப்பா. நிமிரவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் என் தலையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே புறப்பட்டு, ஐந்தரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் அம்மா என் தலையில் கை வைத்து, “சுடுகுதே, காய்ச்சலோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சற்று முன் சத்தமில்லாமல் இறங்கிப் போய், காரிலிருந்து அந்தக் கையுறைகளை எடுத்துவந்து, அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் என்ன இது என்று கேட்பார். எல்லாவற்றையும் சொல்வேன். பெட்டி திரும்ப வெளியே வரலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் தலை.

போகிறவர்களுக்கு: கிங்ஸ்டனிலேயே பெற்றோல் அடியுங்கள். கோயிலுக்கு வேளைக்குப் போங்கள். ஒரு மெல்லிய ஜாக்கெற் போதும். செப்டெம்பரில் மொன்றியலில் கையுறை தேவைப்படாது. யாராவது எடுத்துவந்தால், புறப்படும் முன்பே ஏன் என்று கேளுங்கள்.