ஒரு காலால் தள்ளிய ஆட்டோ

காலை எட்டு பத்து. அடையாறு பாலத்தின் நடுவே, பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த ஆட்டோ ஒன்று இன்ஜின் அணைந்து நிற்கிறது. அதை ஓட்டிவந்த கலா எங்களைப் பார்த்துக் கை காட்டுகிறார். மயிலாப்பூர் போக நான் ஏறியிருக்கும் ஆட்டோவை ஓட்டும் செல்வம், அவருடைய கணவர்.

"இன்னா வேடிக்க பாக்குற? எட்டரைக்கு ஸ்கூலு கேட்ட மூடிடுவான், தள்ளு."

"சார், கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கோங்க." செல்வம் செருப்புப் போட்ட இடது காலை நீட்டி முன்வண்டியின் பின்புறத்தில் ஊன்றுகிறார். ஒரே இன்ஜினில் இரண்டு வண்டிகளும் நகர்கின்றன. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி வெளியே தலை நீட்டிக் கத்துகிறாள். "அங்கிள்தான் டிரைவ் பண்றாரு. ஆன்ட்டி சும்மா ஸ்டியர் பண்றாங்க!"

செல்வத்துக்கு வாயெல்லாம் பல். "கேட்டுக்கினியா கலா? இன்னிக்கு ரெண்டு வண்டிக்கும் நான்தான் டிரைவரு."

"தள்றதெல்லாம் டிரைவிங்கா? பள்ளத்துல வுடாம இட்டுகினு போறது யாரு, உங்க நைனாவா?"

மந்தைவெளியில் செல்வம் நேராகப் போகிறார். முன்வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. ஊன்றிய கால் காற்றில் தொங்குகிறது.

"ஏய், எங்க போற?"

"ஸ்கூலு இந்தாண்ட கீது. அது தெரியாம டிரைவராம்!"

பிள்ளைகளின் சிரிப்பைத் துரத்திக்கொண்டு செல்வமும் வண்டியைத் திருப்பி, மறுபடி காலை ஊன்றுகிறார்.

மணி அடிக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்குள் இருக்கிறார்கள். செல்வம் இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார். அவருடைய இடது காலில் செருப்பு இல்லை.