இரண்டு மாட்டுப் பட்டிகளுக்கு நடுவே நின்ற டொக்டர்

உடப்பிலிருந்து டொக்டரின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் தில்லையடியில் ஒரு பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். இறந்தவரின் பெயரை மீண்டும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். மாதிரிக் குழாயில் ஒட்டிய பெயரைத் திரும்ப வாசித்துப் பார்க்கும் பழக்கம் அது. எங்கள் மிருக வைத்தியர் இராஜேஸ்வரி காலமாகிவிட்டார். அவருடைய அலுவலகத்தில் ஆய்வுகூட உதவியாளனாக இருந்த நான் அவரைப் பற்றி எழுதத் தகுந்தவனா என்று தெரியவில்லை. அருகில் நின்று கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மாடுகளின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் புடைத்து, வெடித்து, பொருக்குத் தட்டும் தோல் நோய் எங்கள் கரையோர ஊர்களுக்கு வந்த நேரம். கரைத்தீவில் ஹமீது ஹாஜியாரின் பட்டியில் கன்றுகள் செத்தன. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கே குடியிருந்த நஸீரின் மாடுகளுக்கு அதற்கு முன்னரே கட்டிகள் வந்திருந்தன. நோயைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று ஊர் முடிவுகட்டி, அவருடைய மாடுகளைக் குளத்தடிக்கு வராமல் மறித்தது.

“ஒருக்கா ஊரை விட்டிட்டு வந்தம் மிஸ். இனி மாட்டையும் இறைச்சிக்குக் குடுத்திட்டு என்னத்தைச் செய்ற?” என்றார் நஸீர் டொக்டரிடம்.

டொக்டர் இருவரையும் ஒரே மரத்தடிக்கு அழைத்தார். “ரெண்டு பட்டியிலும் பொருக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப்போறன். இந்த வைரஸில உபவகைகள் இருக்கு. ரெண்டு பட்டியிலும் ஒரே உபவகை எண்டால், நஸீர்தான் குடுத்தவர் எண்டு சொல்ல ஏலாது. ரெண்டு பேருக்கும் வேற எங்கயோ இருந்து வந்திருக்கலாம். வேற வேற எண்டால், இவரிட மாட்டில இருந்து வரேல்லை எண்டு சொல்லலாம். இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு ஆரும் என்னோட கதைக்க வராதீங்க.”

“அனுப்புற வழியில மாத்திட்டா?” என்றார் ஹாஜியார்.

“அப்ப குழாயை நீங்களே மூடுங்க. நஸீரிட மாட்டுப் பொருக்கை நீங்க மூடி ஒப்பம் வைங்க. உங்கடதை அவர் வைக்கட்டும்.”

ஹாஜியார் பேனையை வாங்கினார். “மாட்டுச் சிரங்குக்கு ஒப்பம் வச்ச ஹாஜி நான் ஒத்தன்தான்!”

“நானும் வைக்கிறேனே ஹாஜியார்” என்றார் நஸீர். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

திரும்பும் வழியில், “இரண்டும் ஒரே உபவகையாக வந்துவிட்டால் ஊர் இந்த நியாயத்தைக் கேட்குமா?” என்று நான் தயங்கினேன். “கேக்காட்டியும் அதைத்தான் சொல்லுவன்” என்றார்.

முடிவு வந்தது. நஸீரின் மாடுகளில் இருந்தது பழைய உபவகை. ஹாஜியாரின் மாடுகளில் இருந்தது, இரண்டு வகைகளின் மரபணுத் துண்டுகள் கலந்து உருவான வேறோர் உபவகை. அதே மரத்தடியில் டொக்டர் அதை வாசித்துச் சொன்னார்.

ஹாஜியார் விடவில்லை. “அப்ப எனக்குக் குடுத்தது யாரு? அதச் செல்லுங்க மிஸ்.”

“தெரியாது ஹாஜியார்.”

“படிச்ச நீங்களே தெரியாது எண்டா?”

“தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லத்தான் படிச்சது. இவருக்குப் பதிலா இன்னொருத்தரைப் பிடிச்சுத் தர நான் வரேல்லை.”

ஊகமாக ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அன்று அவரை எல்லோரும் மெச்சியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டியைச் சுமந்து நின்ற நான் அன்று பட்ட பெருமையை என் சேவைக்காலத்தில் வேறெப்போதும் பட்டதில்லை.

ஹாஜியார் மன்னிப்பெதுவும் கேட்கவில்லை. “நஸீர், மாட்டத் தண்ணிக்கு விடுங்க. வெயில் ஏறுது” என்றார்.

உடப்பில் டொக்டரின் மரண வீட்டுக்கு ஹாஜியாரும் நஸீரும் ஒரே ஓட்டோவில் வந்திறங்கினார்கள். முற்றத்தில் யாரோ ஒருவர், டொக்டரின் மரணத்துக்கு இன்னார்தான் பொறுப்பு என்று மெல்லத் தொடங்கினார்.

“நீங்க கண்டீங்களா?” என்று ஹாஜியார் கேட்டார்.

“இல்லை… சனம் கதைக்குது.”

“அப்ப தெரியாது எண்டு செல்லுங்க. மிஸ்ஸிட வீட்டுல நிண்டு வேற கதை வேணாம்.”

எதையும் உறுதியாகச் சொல்ல அஞ்சுகிறவன் நான். ‘தெரியாது’ என்ற சொல் இத்தனை காலமும் என் வாயில் தலைகுனிந்தே வந்தது. அதை நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று டொக்டர் காட்டினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லை.