குடைக்காரரைத் தேடிப் போன கண்டக்டர்

இன்னைக்கு எங்க ஊர் லைப்ரரியில சிறுகதைப் பட்டறை...

கூப்பிட்டிருந்தது என் சம்சாரம் தனலெட்சுமியை. நான் தொணைக்குப் போனேன். (வேவு பாக்கன்னு அவ சொல்லுவா, நம்பாதீங்க!)

பாடம் நடத்துனவரு போர்டுல அஞ்சு விஷயம் எழுதுனாரு. பாத்திரம், களம், சிக்கல், கதையை யார் சொல்றாங்க, முடிவு. சிறுகதைக்கு இதுதான் அடிப்படையாம்.

எனக்கு இந்த அஞ்சும் 1962-லயே தெரியும். படிச்சுத் தெரிஞ்சுக்கலை. சந்தேகப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்ப நான் ஆலங்குடி - புதுக்கோட்டை பஸ்ல கண்டக்டர். கல்யாணமாகி எட்டு மாசம்.

மீசை மொளைச்சவனுக்கு அரை டிக்கெட் கேக்குற ஆளுகளைத் தெனம் பாக்குற வேலை. யாரையும் நம்புற பழக்கம் எனக்குக் கெடையாது.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல தபால்காரர் ஒரு கனமான கவரைக் குடுத்தாரு. தனலெட்சுமி பேருக்கு வந்தது. மெட்ராஸ் முத்திரை.

விலாசத்தைப் பாத்தேன்.

எழுதியிருந்தது அவளோட கையெழுத்து! மளிகைச் சீட்டுல நான் தெனமும் பாக்குற அதே கோணல் எழுத்து.

தனக்குத்தானே யாராவது லெட்டர் போடுவாங்களா?

கண்டக்டர் மூளை வேலை செஞ்சுச்சு. எவனுக்கோ இவளே விலாசம் எழுதிக் கவரைக் குடுத்து வச்சிருக்கா. அவன் கையெழுத்து எனக்குத் தெரியக்கூடாதுல்ல! (என்னா கிரிமினல் புத்தின்னு நெனச்சேன். புத்தி யாருக்குன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு.)

பிரிச்சேன். ஒம்போது பக்கம். அதுவும் அவ கையெழுத்துதான்.

"சந்தையன்று கறம்பக்குடிக்குப் போனேன். குடை ரிப்பேர் செய்யும் சிவஞானம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கென்று ஒரு பேர் இருப்பதே அப்போதுதான் நினைவு வந்தது."

மடமடன்னு பக்கத்தைத் தள்ளுனேன். கடைசிப் பக்கத்துல அவ பெட்டியை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டே போயிர்றா!

வீட்ல மூச்சு விடலை. அடுத்த சந்தையன்னைக்கு லீவு போட்டுட்டுக் கறம்பக்குடிக்குப் பஸ் ஏறுனேன்.

குடை ரிப்பேர்காரர் இருந்தாரு. ஒரே ஒருத்தர்தான். வயசு எழுபது இருக்கும், பேரு வேற.

எங்க ஆலங்குடிப் பக்கம் வருவீங்களான்னு மெதுவாக் கேட்டேன். அவரு குடையைக் குடுங்க தம்பின்னாரு. எங்கிட்டக் குடையே இல்லை.

சும்மா விடலை. மகன் இருக்கானான்னு கேட்டேன். மூணும் பொண்ணாம். அதுக்கப்புறம் அவரு என்னையச் சந்தேகமாப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அங்கிட்டு நிக்காம வந்துட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தனலெட்சுமி கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா. கவரை முன்னாடி போட்டு, யாருடி அந்தச் சிவஞானம்னு கேட்டேன்.

அவ அதைக் காதுலயே வாங்கலை. "திருப்பி அனுப்பிட்டாங்களா?"ன்னா. கண்ணு கலங்கிருச்சு.

எனக்கு அதுவே சாட்சி!

மெட்ராஸ்ல ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்புனாளாம். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்ப, நம்மளே விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிக் கூடவே ஒரு கவர் வைக்கணுமாம். எழுதுறவங்க எல்லாரும் அப்படித்தானாம்.

நான் நம்புவேனா?

கறம்பக்குடி நெசம், சந்தை நெசம், பஸ்ஸு நெசம், ஆளு மட்டும் பொய்யான்னு கேட்டேன். ஊரு கதை நடக்குற எடம், ஆளு நானாப் பண்ணுனதுன்னா.

'நான்'னு எழுதியிருக்கியேன்னு மடக்குனேன். கதை சொல்றவ வேற, எழுதுறவ வேறன்னா.

யாருகிட்ட விடுற கதைன்னு எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. காலையில கெளம்பு, பொன்னமராவதியில ஒன் அப்பன் வீட்டுலயே விட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்.

அவ அழுகலை. மடியில கெடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எந்திரிச்சா.

"போறேங்க. இல்லாத ஆளைத் தேடிக் கறம்பக்குடி வரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்க. அந்தக் கதையில ஒரு புருஷன் வாரானே, அவன் யாருன்னு கேக்கவே இல்லையே?"

புருஷனா? அந்த ஆளு வர்ற பக்கத்தையெல்லாம் நான் சரியாவே படிக்கலைங்க. குடைக்காரரைத் தேடுற அவசரத்துல தாண்டிப் போயிருந்தேன்.

திரும்ப எடுத்துப் படிச்சேன்.

"அவர் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்க்க மாட்டார். யார் வந்து போனார்கள் என்று வாசலைப் பார்ப்பார். நான் சிரித்தால் எதற்கென்று கேட்பார். அதனால் அவர் வெளியே போன பிறகு சிரித்துக்கொள்வேன்."

அதுக்கு மேல படிக்க முடியலை.

எட்டு மாசமா அவ சிரிச்சு நான் பாத்திருக்கேனான்னு யோசிச்சேன். ஒண்ணுகூட ஞாபகம் வரலை. வெக்கமாப் போச்சு. பயமாவும் இருந்துச்சு.

மெதுவாக் கேட்டேன். "தனலெட்சுமி, இந்தப் புருஷன் மட்டுந்தான் நெசமா? வீட்டை விட்டுப் போற முடிவுமா?"

"முடிவு சரியில்லைன்னுதான் அவங்க திருப்பி அனுப்பிருப்பாங்க"ன்னா. "அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

பொன்னமராவதிப் பேச்சை நான் அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை.

அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு. அவ எத்தனையோ கதை எழுதிட்டா. அந்தக் கதையை மட்டும் திருத்தி யாருக்கும் அனுப்பலை.

இன்னைக்குப் பட்டறை முடிஞ்சு ஆட்டோவுல வர்றப்போ, அந்தக் கதையோட முடிவை யோசிச்சு முடிச்சுட்டியான்னு கேட்டேன்.

என்னையப் பாத்து நல்லாச் சிரிச்சா.

நீங்களே சொல்லுங்க மக்களே, நான் நிம்மதியா இருக்கலாமா?