நான் ஏற்றிக் கொடுத்த படம்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கொமினிகேஷன் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். போட்டோ கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், போனுக்கு ரீலோட் என்று பலகையில் எழுதியிருந்தது. எழுதாத வேலையும் ஒன்று இருந்தது. இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிய புதுப் படங்களை வாடிக்கையாளர்களின் மெமரி சிப்பில் ஏற்றிக் கொடுப்பது. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் சனிக்கிழமை டவுனுக்கு வரும்போது அதற்குத்தான் கூட்டம்.

அவ்வப்போது ஏதாவது ஒரு தளத்தை முடக்குவார்கள். திரையில் 'இந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது' என்று வரும். நான் பிளேன்டியைக் குடித்து முடிப்பதற்குள் அதே தளம் வேறு முகவரியில் கிடைத்துவிடும். அதுவும் இல்லாவிட்டால் வி.பி.என். இருக்கவே இருந்தது. ஹட்டனில் ஒரு கடைக்குப் பொலிஸ் வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போனதாக ஒருமுறை பேச்சு கிளம்பியது. எங்கள் முதலாளி நானா பயந்துபோனார்.

"புள்ள, அந்தப் படமெல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு மறைச்சு வைங்க" என்றார்.

மறைத்தேன். படங்கள் இருந்த கோப்புறைக்கு 'ஐந்தாம் தர வினாத்தாள்' என்று பெயர் மாற்றினேன். மூன்றாம் நாளே மறுபடி ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தோம். தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்தப் படங்களை எடுத்தவர்கள் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அப்படி இருந்தபோதுதான் டயகமவிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் லயன் வீடுகளில் குடியிருக்கும் ஆட்களையே நடிக்க வைத்து ஒன்றேகால் மணி நேரப் படம் ஒன்றை எடுத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் காட்டப் போகிறார். வசூலை வைத்து அடுத்த படம். மண்டபத்து மெஷினில் அவருடைய கோப்பு ஓடவில்லை. வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டார். படத்தின் தொடக்கத்திலேயே, அனுமதி இல்லாமல் கொப்பி எடுக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம வரைக்கும் வெளிய போயிறாமப் பாத்துக்குங்க."

"பயப்படாதீங்க சேர்" என்றேன்.

மாற்றி, கோப்புக்கு நானே ஒரு பெயர் வைத்துக் கொடுத்தேன். பென்டிரைவ் பழுதானால் உதவும் என்று ஒரு கொப்பியைக் கணினியில் விட்டுவைத்தேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை.

இரண்டு நாள் கழித்து டயகமவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க வந்தவர். வெள்ளிக்கிழமை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். மாஸ்டரின் படத்தில் அவருடைய அம்மா நடித்திருந்தார்.

"நான் பாக்காமலே போகப்போறேன் தங்கச்சி. ஒங்க கடையிலதான் மாஸ்டர் படத்த மாத்துனாருன்னு அம்மா சொன்னாங்க, ஒங்ககிட்ட இருக்கும்ல. அம்மா மொகத்த அங்க வச்சுப் பாத்துக்கிருவேன்."

நானா லுகர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய நம்பர் பில் புத்தகத்திலேயே இருந்தது. கேட்கவில்லை. ஏற்றிக் கொடுத்தேன்.

"யாருக்கும் குடுத்துறாதீங்க அக்கா."

"அய்யோ, குடுப்பேனா!"

போகிற அன்று அவர் தன் தங்கைக்கு மட்டும் கொடுத்தாராம். தங்கை பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் எங்கள் கடைக்கு வந்த ஒருவரின் போனில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டயகமக்காரர்கூட இல்லை, வட்டகொடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் டயகமவுக்குப் பஸ் ஏறினேன். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன் இரண்டு வரிசையில் நடித்தவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். பின்னால் யாரும் இல்லை. வெளியே மாஸ்டரை நிறுத்தி ஆட்கள் கை குலுக்கினார்கள். "சேர், படம் சூப்பர். நேத்தே போன்ல பாத்துட்டோம்!" அவர்கள் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் கிட்டப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

மறுநாள் அந்தக் கோப்புறையையே அழித்தேன். நானா திட்டினார். வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். நான் நிறுத்தியதால் ஒரு போனில்கூடப் படம் குறையவில்லை. தளங்களை முடக்கியதால் ஒரு நாளும் நிற்காத எனக்கு, அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்த பிறகுதான் ஏற்றிக் கொடுக்கக் கை வரவில்லை. அதனால் மாஸ்டருக்கு என்ன பிரயோசனம்? அவர் அடுத்த படம் எடுக்கவே இல்லை.

போன வருடம் வட்டகொடை ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ரயில் தாமதம். ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சேர், அந்தப் படம் வெளிய போனது என்னாலதான்."

"தெரியும் தங்கச்சி. எல்லார் போன்லயும் இருந்தது நீங்க மாத்திக் குடுத்த கொப்பிதான். நீங்க வச்ச பேரு அப்படியே இருந்துச்சு."

"அப்ப ஏன் சேர் வந்து கேக்கல?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு கொஞ்ச நாள் பாத்தேன்." பிறகு ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "படத்த முழுசாப் பாத்தீங்களா?"

இல்லை. மாற்றும்போது சத்தம் சரியா என்று அங்கங்கே ஓடவிட்டுப் பார்த்ததோடு சரி. அதையும் சொன்னேன். அவர் போனை எடுத்து, படத்தை அங்கேயே எனக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து முழுவதும் பார்த்தேன். குவைத்துக்குப் போன அக்காவின் அம்மா ஒரு காட்சியில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வசனம் மறந்து, சிரித்தே விடுகிறார். மாஸ்டர் அதை வெட்டாமல் விட்டிருந்தார். கடைசியில் நடித்தவர்களின் பெயர்கள் போனபிறகு நன்றி சொல்லியிருந்தார்கள். தோட்டத்துத் துரைக்கு, கோயில் தலைவருக்கு, அதற்குக் கீழே, 'தலவாக்கலைக் கடைத் தங்கச்சிக்கு'. பென்டிரைவை வாங்கிக்கொண்டு போன பிறகு, நான் மாற்றிய கோப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும். போனில் சுற்றிய கொப்பியில் அது இருந்திருக்காது; மண்டபத்துக்கு வந்த அந்த இரண்டு வரிசை ஆட்கள் மட்டும் பார்த்திருப்பார்கள்.

அவருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.