பதிலுக்கு விட்ட பாதி

பழைய சர்க்கார் கடிதங்களை நகலெடுக்கிற வேலைக்கு இங்கிலீஷ் அப்புறம்தான் வேண்டும். முதலில் தும்மலை அடக்கத் தெரிய வேண்டும். ஒரு தும்மல் போட்டால் ஒரு கலெக்டரின் கையெழுத்து பறந்துவிடும். அடுத்தவர் கடிதத்தைப் படித்துப் பிழைக்கிறவர்களும், தங்கள் கடிதத்துக்குப் பதில் வராமல் தவிக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. பாப்பா தூங்கிவிட்டாள். வாசல் கதவைத் தாழ் போட்டேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் விரல் கணுவில் ஸ்கேலால் தட்டித் தட்டி வரவழைத்த கையெழுத்து என்னுடையது. அதற்காகத்தான் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் என்னை வேலைக்கு வைத்தார். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த ஜில்லாவிலிருந்து சென்னைக்குப் போன கடிதங்கள், அங்கிருந்து வந்த கடிதங்கள், எல்லாம் வெள்ளம், மதகு, வரி, மிராசுதார், பண்ணையாள் சமாசாரம். அவர் அதை வைத்துப் புத்தகம் எழுதுகிறார். நான் ரிக்கார்டு ரூமில் உட்கார்ந்து பார்த்து எழுதித் தருகிறேன். தஞ்சாவூரில் எந்தக் கட்டடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் சிவக்கொழுந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். போன அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நடந்த தகராறில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. அது எரிந்த நேரத்தில் இவர் மன்னார்குடியில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் கேஸில் முதல் பெயர் இவருடையது. அன்றைக்குத் தலைமறைவாகி வீட்டை விட்டுப் போனவர்தான்.

ஜன்னலில் ஒரு தொட்டில்

கல்யாணத்துக்குப் பிறகு என் அம்மா வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. மாமியார் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போலீஸ் தங்கியிருக்கிறது. பாப்பாவை யாரிடம் விடுவது? இடுப்பில் தூக்கிக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்கே போய்விட்டேன்.

ரிக்கார்டு கீப்பர் ரிட்டயராகப் போகிறவர். எதையும் ரூல் பார்த்துச் செய்கிறவர். சுவரில் தொங்கிய பழைய விதிமுறைப் பலகையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். நெருப்பு கூடாது, குடை கூடாது, வெற்றிலை பாக்கு கூடாது, மைக்கூடு கூடாது. குழந்தை கூடாது என்று எங்கேயும் இல்லை. இன்னொரு தடவை படித்துவிட்டு, வராந்தா ஜன்னல் கம்பியில் சேலைத் தொட்டில் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். மத்தியானம் வரைக்கும் சத்தம் இல்லை. பிறகு அவரே கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மா, உங்க அயிட்டம் எந்திரிச்சிடுச்சி. வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க."

லீவு கேட்டவர்

இந்தக் கடிதங்களில் ஒரு கொடுமை உண்டு. இங்கிருந்து அனுப்பியதெல்லாம் ஒரு கட்டு, அங்கிருந்து வந்ததெல்லாம் வேறொரு கட்டு. ஒன்றை மட்டும் படிப்பது, போனில் பேசுகிற ஆளின் பக்கத்தில் நிற்பது மாதிரி. இவர் சொல்வது கேட்கும், அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

கடற்கரைப் பக்கத்து தாலூகாவில் இருந்த ஒரு இளவயசு துரை லீவு கேட்டு எழுதியிருந்தார். அவர் மனைவி கப்பலில் வருகிறாள், சென்னை போய்க் கூட்டி வர வேண்டும். முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. அடுத்ததில் வெள்ளம் வடிந்துவிட்டது, இனிமேல் இங்கே தான் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்கிறார். அதற்கடுத்ததில் கப்பல் வந்துவிட்டது, அவள் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று ஒரே வரி. எனக்குக் கை ஓடவில்லை. லீவு கொடுத்தார்களா இல்லையா? பதில் கட்டை எடுத்து வரச் சொன்னேன். அட்டெண்டர் ராமையா உள்ளே போய் வெகுநேரம் கழித்து இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்தார். மேல் அட்டை ஒன்று, கீழ் அட்டை ஒன்று. நடுவில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராமையா பதறிப்போனார்.

"இதுக்குப் போயா அழுவாங்க? லீவு கெடச்சிருக்கும்மா. கெடைக்கலன்னாலும் இத்தன நாள்ல ரிட்டயராவது ஆயிருப்பாருல்ல?"

அரை மார்ஜின்

எங்களுக்கும் தபால் உண்டு. கடலோரக் குப்பத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு தஞ்சாவூர் சந்தைக்கு வரும் அஞ்சம்மாக்காதான் எங்கள் தபால்காரி. என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். மைக் பிடித்தால் ஊர் அடங்கும் வரை பேசுகிற மனுஷன், எனக்கு எழுதுவது ஒரே வரி: "நலம். பாப்பாவைப் பார்த்துக்கொள்."

ரிக்கார்டு ரூமில்தான் இதற்கு மருந்து கிடைத்தது. அந்தக் காலத்து ஆபீஸில் அரை மார்ஜின் என்று ஒரு பழக்கம். தாளை நீளவாக்கில் மடித்து, இடது பாதியில் கேள்வியை எண் போட்டு எழுதுவார்கள். வலது பாதியைப் பதிலுக்குக் காலியாக விட்டு அனுப்புவார்கள். அதே தாள் பதிலோடு திரும்பி வரும். நானும் மடித்தேன். ஒன்று, சாப்பாடு எப்படி? இரண்டு, இருமல்? மூன்று, பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, பார்த்தவர்களையெல்லாம் கடிக்கிறாள். நான்கு, எப்போது வருவீர்கள்?

அடுத்த சந்தைக்குத் தாள் திரும்பி வந்தது. ஒன்றுக்கு நேரே "மீன்." இரண்டுக்கு "தேவலை." மூன்றுக்கு "கடிக்கட்டும். வர்க்க உணர்வு." நான்குக்கு நேரே ஒன்றும் இல்லை, வெறும் தாள். சந்தைக்கு நடுவிலேயே நின்று அந்தத் தாளை முகத்தோடு வைத்துக்கொண்டேன். அக்கா தராசைக் கீழே வைத்தாள்.

"கடுதாசிய மோந்துக்கிட்டு நிக்கிறியேடி, அது என் நெத்திலிக் கருவாட்டு வாசம். ஒம் புருசன் வாசம் இல்ல."

கான்ஸ்டபிள் படித்த நகல்

ஒரு நாள் மத்தியானம் ரிக்கார்டு ரூம் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். சிவக்கொழுந்து பெண்சாதி யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். புருஷன் எங்கே என்றார். தெரியாது என்றேன், அது நிஜமும்கூட. மேஜையில் நான் எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அன்றைக்கென்று பார்த்தா அந்தக் கடிதம் வர வேண்டும்? கூலித் தகராறு செய்த பண்ணையாட்களின் தலைவர்கள் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டார்கள், மீன்பிடிக்கிற ஜனங்கள் அவர்களை ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் என்று ஒரு துரை சென்னைக்கு எழுதியிருந்தார்.

கான்ஸ்டபிளின் விரல் ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இது யாரு எழுதுனது? எப்ப?" என்றார். ரிக்கார்டு கீப்பர் மூலக்கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் கடிதம் என்று. கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுத் தாளைத் திரும்ப வைத்தார்.

"அந்தக் காலத்து ஆளுங்க வெவரமில்லாம கடக்கரைக்கு ஓடியிருக்கானுங்க. இப்ப எவனாவது அங்க போயி மாட்டுவானா?"

காயப்போட்ட சட்டை

அந்தக் கான்ஸ்டபிள் வந்து போனதிலிருந்து எனக்குப் பயம் கூடிவிட்டது. போலீஸ் மட்டும் இல்லை. மிராசுதாரின் ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் எங்கள் தெருவைச் சுற்றுவதாகச் சொன்னார்கள். வீட்டில் ஆண் துணை இருப்பதாகத் தெரியட்டும் என்று இவருடைய நீலச் சட்டையை நனைத்துக் கொடியில் போட்டேன். தினமும் போட்டேன். சாயங்காலம் எடுத்து மடிக்கும்போது வெயில் வாசம் மட்டும்தான் இருக்கும். பாப்பா அந்தச் சட்டையைக் காட்டி "ப்பா" என்றாள். அவள் பேசிய முதல் வார்த்தை அது. இடது பாதியில் அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதாமலே விட்டேன். எழுதினால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவார்.

ஆனால் நான்காவது கேள்விக்கு ரிமைண்டர் அனுப்பாமல் இல்லை. பதில் வராத பாராவுக்கு ரிமைண்டர் போடுவதுதானே ஆபீஸ் முறை? முதலில் "நினைவூட்டல்". அப்புறம் "அவசர நினைவூட்டல்". அதற்கு வலது பக்கத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. சிரிப்பதா தாளைக் கிழிப்பதா என்று தெரியாமல் கொடியடியில் நின்றேன். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, நித்தம் ஒரே சட்டதான் காயுது. யாராவது நம்பணும்னா வேஷ்டியும் ஒண்ணு போடு."

ரேடியோ சொன்னது

பிறகு ஒரு காலையில் டீக்கடை ரேடியோவில் சேதி வந்தது. கூலிப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாகச் சென்னையில் மந்திரி அறிவித்துவிட்டார். சங்கத்து ஆட்கள் வெடி வெடித்தார்கள். நான் பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த வாரச் சந்தையில் அஞ்சம்மாக்கா கொடுத்த தாளில் நான்காவது பாராவுக்கு நேரே முதல் தடவையாகப் பதில் இருந்தது: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன்."

அதைப் படித்த மாத்திரத்தில் எனக்கு ரிக்கார்டு ரூம்தான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் நகலெடுத்தது ஒரு வெள்ள வருஷத்துக் கட்டு. பயிர் அழுகிப்போனதால் வரி தள்ளுபடி என்று சென்னை உத்தரவு போட்டது. அது ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸ், அங்கிருந்து தாலூகா, நடுவில் ஒரு குமாஸ்தாவின் சந்தேகம், அதற்கு விளக்கம் கேட்டு மறுபடி சென்னைக்கு. தள்ளுபடி ஊருக்கு வந்து சேர்ந்தபோது வரிபாக்கிக்காக மாடுகளை ஏலம் விட்டு முடித்திருந்தார்கள். வருந்துகிறேன் என்று கலெக்டர் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

சந்தையிலேயே, கருவாட்டுக் கூடையின் மேல் தாளை வைத்து எழுதினேன். "வராதீர்கள். உத்தரவு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த பிறகு வாருங்கள்." எழுதும்போதே எழுத்து கலங்கியது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்டாள். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தன நாளா வா வான்னு உசிர வாங்கின. வரேன்னு சொன்னா வராதங்கிற. நானும் மூணு புள்ள பெத்தவதான், ஒன்ன மாதிரி ஒருத்தியப் பாத்ததில்லடி."

மாலையோடு போனவர்

அதே கேஸில் இருந்த இன்னொரு சங்கத்துக்காரர் ரேடியோவை நம்பி ஊருக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாலை போட்டார்கள். அந்த மாலையோடேயே சப்-இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் ஏற்றினார். மந்திரியே சொல்லிவிட்டாரே என்று ஊரே கூடிக் கத்தியதாம். நேரில் பார்த்தவர் வந்து சொன்னார். அதைக் கேட்டு முடிக்கிற வரை என்னால் பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கோபமே படாமல் சொன்னாராம்:

"ரேடியோ எனக்கு மேலதிகாரி இல்லய்யா. பேப்பர் வரட்டும், நானே வண்டியில கொண்டாந்து வுடுறேன்."

மாடியில் ஒரு பேப்பர்

இப்போது அந்தப் பேப்பர் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அல்ல, நான் உட்கார்ந்திருக்கிற அதே கட்டடத்துக்கு. என் தலைக்கு நேர் மேலே, மாடியில், ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது. அங்கிருந்து அரசாங்க வக்கீலுக்குப் போக வேண்டும், அவர் கோர்ட்டில் கொடுக்க வேண்டும், கோர்ட் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். கீழே நான் நூறு வருஷத்துக் கடிதங்களைப் புரட்டுகிறேன். மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டால்கூடப் பேனா நின்றுவிடுகிறது. யார் எழுந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள்?

நேற்று வந்த தாளில் வலது பக்கம் இவர் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "உத்தரவுப்படி காத்திருக்கிறேன்." பை தயாராக ஆணியில் தொங்குகிறது, சாயங்காலமானால் பஸ் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று அக்கா சொன்னாள். நானும் அதே நேரத்துக்கு வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைத்தான் பார்க்கிறேன். அப்புறம் பயம் வந்து தாழ் போடுகிறேன். ராமையா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சேதி சொல்கிறார். இன்றைக்குச் சொன்னது இது:

"வக்கீலுக்கு எழுதுற கடுதாசி டைப் ஆயிடுச்சும்மா. ஐயா கையெழுத்துத்தான் பாக்கி. ஐயா திருக்காட்டுப்பள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு, பந்தி முடிஞ்சதும் வந்துருவாரு."

நான் எழுதிய இந்தத் தாளை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் இந்தக் கதவைத் தட்டிய மறுநாள்தான் தபாலில் சேர்ப்பேன் என்பதால், உங்கள் கைக்கு வரும்போது இந்தத் தாள் எவ்வளவு பழுப்பேறியிருக்கிறதோ, மந்திரியின் வாயிலிருந்து எங்கள் வாசலுக்கு அரசாங்கம் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.