பாம்பு போய்விட்டதா?

எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்னில் என் கணவரும் நானும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர் கணக்குப் பகுதி, நான் தட்டெழுத்து. முதல் வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது பெரிய விஷயமில்லை. அவருக்குத்தான் உள்ளுக்குள் எரிந்தது. ஊரில் நாலு பேர் சூழ இருந்து கதை அளந்து பழகிய மனிதர்.

பிறகு அவர் குதிரைப் பந்தயத்தைப் பிடித்தார். பழைய பத்திரிகைகளை அடுக்கிவைத்து, எந்தக் குதிரை ஈரத்தரையில் ஓடும், எது முதுகில் பாரம் கூடினால் பின்தங்கும், எது ஓய்வெடுத்து வந்த முதல் ஓட்டத்தில் சோம்பும் என்று புள்ளிவிபரம் எடுத்தார். என் பிறந்தநாள் மறந்துபோகும், குதிரைகளின் வயது மறக்காது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்ன குதிரைகள் அடிக்கடி முன்னால் வந்தன. மேசை நிறைந்தது. பெரிய அதிகாரிகூடத் தன் சாண்ட்விச்சோடு வந்து குந்தினார். என் மனுசன் சந்தோஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்தே விட்டார்.

வழக்கமாகச் சனிக்கிழமை ஓட்டத்துக்கு வெள்ளி மாலை பந்தயம் கட்டுவார்கள். அந்த முறை மட்டும் புதன்கிழமை ஓட்டம். ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. மழை பெய்திருக்கிறது, பாரம் குறைவு, எல்லாம் அதற்கே சாதகம் என்று ஒரே பிரசங்கம். "போன முறை அது கடைசியாத்தானே வந்தது?" என்று நான் கேட்டதற்கு, "கணக்கு விசயத்தில நீர் தலையிடாதையும்" என்றார். சரி, தலையிடவில்லை.

மதிய இடைவேளையில் பந்தயக் கடைக்குப் போனோம். வரிசையில் அவர் முன்னால், சகாக்கள் நால்வர் நடுவில், நான் கடைசி. அவர் முறை வரும்போது மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. முகம் வெளுத்து, வரிசையை விட்டு விலகி என்னிடம் வந்து, "ராகுகாலம் தொடங்கிட்டுது, நான் கட்டேல்லை" என்று முணுமுணுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அவர் ஒரு தபால் முத்திரைகூட வாங்கமாட்டார்.

சகாக்களுக்கு இது எங்கே விளங்கும்? குதிரையைச் சொன்னவரே கட்டாமல் நழுவுகிறார் என்றால் ஏதோ ரகசியம் தெரிந்துவிட்டது என்று ஆளையாள் பார்த்தார்கள். நால்வரும் வேறு குதிரைக்குத் தாவினார்கள். நான் மட்டும் சாம்பல் குதிரைக்கே கட்டினேன்.

பின்னேரம் அலுவலக ரேடியோவில் கேட்டோம். சாம்பல் குதிரை முதலாவது. என் மேசையில் கிடந்த பந்தயச் சீட்டை ஒருவர் கண்டுவிட்டார். "எங்களைத் திசைதிருப்பிவிட்டு மனைவியைக் கட்டச் சொல்லியிருக்கிறாய்" என்று என் கணவரிடம் சொன்னார். நாளையிலிருந்து மறுபடி நாங்கள் இருவரும் தனியே சாப்பிடப்போகிறோம் என்று இவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

நான் எழும்பி விளக்கினேன். வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அதற்குத் தினமும் ஒன்றரை மணித்தியாலம், அந்த நேரத்தில் நாங்கள் ஒன்றும் தொடங்குவதில்லை என்றேன். "அப்ப நீர் எப்பிடிக் கட்டினனீர்?" என்று என் கணவரே தமிழில் பாய்ந்தார்.

"கோடைக்கெண்டு அரசாங்கம் சொல்லிப் போன ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினனாங்கள். ராகுவுக்கு ஆர் சொன்னது? நான் கட்டேக்க சூரியனுக்கு இன்னும் பதினொண்டேகால்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கணக்கு விசயத்தில தலையிடாதையும் எண்டு சொன்னனீங்கள்."

அதையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்தது. பெரிய அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

மேசை காலியாகவில்லை. என் கணவர் பழையபடி பாரம், ஈரத்தரை, ஓய்வு என்று விளக்குவார். எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். முடிந்ததும் நால்வரும் என் பக்கம் திரும்பி, "மிஸிஸ், பாம்பு போய்விட்டதா?" என்று கேட்பார்கள். நான் தலையாட்டிய பிறகுதான் பந்தயக் கடைக்கு எழும்புவார்கள், என் கணவர் உட்பட.